அந்தப் பொண்ணுக்கு வாய்ஸ் இல்லையாம்!

என் பொண்ணு பாட்டு கத்துக்கற வீட்டு வாசல்ல ஒரு மர பெஞ்ச் கிடக்கும். கொண்டு விட வர்ற அப்பா அம்மாக்களுக்காகப் போட்டது. கொசுக்கடி உண்டு, வைஃபை கிடையாது. வேற வழியில்லாம எல்லாரும் ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்குவோம்.

போன வாரம் அங்க ஒருத்தங்க சொன்னாங்க.

"நாங்க இந்த மாசத்தோட நிறுத்திடறோங்க. பாக்கி ஃபீஸ் கட்டத்தான் வந்தேன்."

"ஏங்க? நல்லாத்தானே பாடிட்டிருந்தா?"

"வாய்ஸ் இல்லீங்க அவளுக்கு. டிவில பாடுற புள்ளைங்களைப் பாருங்க, வாயைத் தொறந்தா என்னமா கொட்டுது! இவளுக்குக் கரகரன்னு இருக்கு. கீபோர்டுல சேர்த்து விடலாம்னு இருக்கோம்."

"டீச்சர் அப்படிச் சொன்னாங்களா?"

"அவங்க எங்க சொல்லப் போறாங்க? எங்களுக்குக் காது இருக்குல்ல?"

அந்தப் பொண்ணு பக்கத்துலயே நிக்குது. எட்டு வயசு. ஆரம்பப் பாடத்துல இப்பதான் ஜண்டை வரிசை முடிச்சிருக்கு. அம்மா சொல்றதுக்கெல்லாம் அதுவும் தலையாட்டுது, 'ஆமா அங்கிள், எனக்கு வாய்ஸ் இல்லைதான்'ங்கற மாதிரி.

நான் ஒண்ணும் சொல்லல. (நேர்ல சண்டை போடத் தெரிஞ்சவன் எதுக்குங்க பிளாக் எழுதறான்?) அங்க முழுங்கினதை எல்லாம் இங்க கொட்டறேன். நீளமா இருக்கும். காபி போட்டு எடுத்துட்டு வாங்க.

முதல்ல ஒரு மனுஷரைப் பத்திச் சொல்லணும்.

அவரும் எட்டு வயசுலதான் பாட்டு ஆரம்பிச்சார். 1908ல திருக்கோடிகாவல்ல பொறந்தவர். தாய்மாமா பெரிய வயலின் வித்வான், திருக்கோடிகாவல் கிருஷ்ணய்யர். மருமான் விவரம் தெரியற வயசுக்கு வர்றதுக்குள்ளயே மாமா போயிட்டார். பையனுக்குப் பாட்டு மேல உயிர். ஆனா குரல்? கரடுமுரடு. மூக்கு வேற சேர்ந்துக்கும். இந்தச் சாரீரத்தை வெச்சுக்கிட்டு வாய்ப்பாட்டு எதுக்கு, பேசாம வயலின் எடுத்துக்கோன்னு யோசனை சொன்னவங்க உண்டு. (கவனிச்சீங்களா? அன்னைக்கு வயலின். இன்னைக்கு கீபோர்டு. யோசனை மட்டும் மாறவே இல்ல.)

பையன் கேட்கல.

அவர்தான் செம்மங்குடி ஸ்ரீனிவாசய்யர். 1947ல மியூசிக் அகாடமியோட சங்கீத கலாநிதி. அப்ப அவருக்கு வயசு 39. பின்னாடி 'சங்கீத பிதாமகர்'னே பேர் வந்துடுச்சு. எம்.எஸ். சுப்புலட்சுமி அவர்கிட்டப் பாடம் பண்ணினாங்க. எம்.எஸ்.ஸோட குரல் எப்பேர்ப்பட்டதுன்னு உலகத்துக்கே தெரியும். அந்தக் குரல்காரங்க, 'குரல் இல்லாத' ஒருத்தர் முன்னாடி நோட்டும் கையுமா உட்கார்ந்திருக்காங்கன்னா என்ன அர்த்தம்? அந்த பெஞ்ச்ல உட்கார்ந்து இதைத்தான் நான் கேட்டிருக்கணும். எனக்கு எல்லாமே வீட்டுக்கு வந்த பிறகுதான் தோணும்.

செம்மங்குடி யார் யார்கிட்டக் கத்துக்கிட்டார்னு வரிசையாப் பார்த்தா சுவாரசியமா இருக்கு. முதல்ல சொந்தக்காரர், செம்மங்குடி நாராயணசுவாமி அய்யர். அவர் வயலின்காரர். அப்புறம் திருவிடைமருதூர் சகாராம ராவ். அவர் கோட்டுவாத்தியம். அடுத்து உமையாள்புரம் சுவாமிநாதய்யர், தியாகராஜரோட சிஷ்ய பரம்பரை. அதுக்கப்புறம் மகாராஜபுரம் விஸ்வநாதய்யர்கிட்ட குருகுலவாசம்.

பாட்டு கத்துக்க வந்த பையனுக்கு ஆரம்பத்துல கிடைச்ச ரெண்டு வாத்தியாரும் வாத்தியக்காரங்க! அதுலயும் சகாராம ராவ்கிட்டப் படிச்சதுதான் தன் வாழ்க்கையில திருப்பம்னு செம்மங்குடியே நினைச்சிருக்கார். கோட்டுவாத்தியத்துல மெட்டு கிடையாது. வீணையில மெட்டு மேல விரலை வெச்சா ஸ்வரம் அங்க நிக்கும். கோட்டுவாத்தியத்துல ஒரு கட்டையைத் தந்தி மேல வழுக்கிட்டே போகணும், ஸ்வரம் எங்க இருக்குன்னு காதுதான் கண்டுபிடிக்கணும். அப்படி ஒரு வாத்தியத்தைப் பக்கத்துல உட்கார்ந்து கேட்ட பையனுக்குக் குரலுக்கு முன்னாடி காது தயாராகியிருக்கும். இது என் சொந்த ஊகம். ஆனா ஏன் இவ்வளவு தைரியமாச் சொல்றேன்னா, கொஞ்சூண்டு எனக்கே நடந்தது.

ஆமாங்க. நானும் சேர்ந்துட்டேன். பாட்டு கிளாஸ்ல.

எத்தனை நாள் அந்த பெஞ்ச்லயே உட்கார்ந்து போனை நோண்டறது? ஒருநாள் டீச்சர்கிட்டத் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "வாங்களேன் சார், அதுக்கென்ன"ன்னுட்டாங்க. சின்னப் பசங்களோட பாயில உட்கார்ந்தேன். பசங்க நகர்ந்து இடம் விட்டாங்க, பஸ்ல தாத்தாவுக்கு விடுவாங்களே, அப்படி.

முதல் பிரச்சினை சுருதி. பசங்க பாடறது அஞ்சு கட்டை. ஆம்பளைங்களுக்கு சாதாரணமா ஒண்ணு, ஒண்ணரை கட்டைதான் சரிப்படும். எனக்கு அது தெரியாது. நானும் அஞ்சு கட்டையிலயே மேல் ஷட்ஜத்துக்குத் தாவினேன். பக்கத்துல இருந்த பையன் காதைப் பொத்திக்கிட்டான். டீச்சர் சிரிக்காம, "சார், நீங்க பசங்க போனதுக்கப்புறம் வாங்க"ன்னாங்க. அப்புறம் எனக்குன்னு சுருதிப் பெட்டியை ஒரு கட்டைக்கு இறக்கி வெச்சாங்க. அன்னைக்குத்தான் 'ஸா' எனக்கு ஸாவா கேட்டுச்சு.

அடுத்தது சாதகம். விடியக்காலையில எழுந்து, வெறும் 'ஆ'காரத்துல, கீழ் ஸ்தாயியில மெதுவாப் பாடணும். எங்க ஃப்ளாட்டுல முதல் நாளே மேல் வீட்டு மாமா காலிங் பெல் அடிச்சு, "யாருக்காவது உடம்பு முடியலையா சார்?"னு விசாரிச்சார். பாத்ரூம்ல பாடிப் பார்த்தேன். எதிரொலியில நாம ஏதோ பிரமாதமாப் பாடறதாத் தோணிடும், மகா ஆபத்து. மொட்டை மாடியில காத்து. கடைசியில கீழ பார்க்கிங்ல, காருக்குள்ள கண்ணாடியை ஏத்திக்கிட்டுப் பாடறேன். வாட்ச்மேன் மட்டும் அப்பப்ப வந்து எட்டிப் பார்த்துட்டுப் போவார், பாவம்.

காது தயாராகறதுன்னு சொன்னேனே, காருக்குள்ளதான் அது நடந்தது. போன்ல தம்பூரா ஓடுது. நான் ஸாவைப் பிடிச்சு நிக்கறேன். கொஞ்சம் கீழ இருந்தா ஒரு மாதிரி அலையடிக்கும், வவ்வவ்வவ்னு. லேசா ஏத்தினா அலை மெதுவாகும். இன்னும் ஒரு நூல் ஏத்தினா சட்டுனு நின்னுடும். நம்ம குரலே காணாமப் போயிடும்! தம்பூராவுக்குள்ள போய் ஒட்டிக்கும். சேர்ந்துடுச்சுன்னு யாரும் சொல்ல வேண்டாம், உடம்புக்கே தெரியும்.

இன்னொண்ணு. தம்பூராவுல பஞ்சமமும் ஷட்ஜமும்தான் மீட்டறாங்க. ஆனா கொஞ்ச நேரம் கேட்டுக்கிட்டே இருந்தா, யாருமே மீட்டாத ஒரு காந்தாரம் உள்ளேர்ந்து கேட்கும். அந்தர காந்தாரம். தந்தியோட இயல்பே அது, ஒரு ஸ்வரம் ஒலிச்சா அதுக்குள்ள அடுக்கடுக்கா வேற ஸ்வரங்களும் சன்னமா ஒலிக்கும். முதல் தடவை கேட்டப்ப ஆப்ல ஏதோ கோளாறுன்னு நினைச்சு, மூடிட்டுத் திரும்பத் திறந்தேன். டீச்சர்கிட்டச் சொன்னா, "கேட்டுச்சா!"ன்னு அவங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். நான் சரளி வரிசை தப்பில்லாமப் பாடினதுக்குக் கூட அப்படிச் சந்தோஷப்படல. (தப்பில்லாமப் பாடினதா நான் நினைச்சுக்கிட்டது வேற விஷயம்.)

ஆரம்பப் பாடம் எல்லாருக்கும் மாயாமாளவகௌளை ராகம்தான். புரந்தரதாசர் போட்ட வழின்னு சொல்லுவாங்க. பதினைஞ்சாவது மேளகர்த்தா. இதை ஏன் முதல்ல வெச்சாங்கன்னு யோசிச்சா ஆச்சரியமா இருக்கு. ஸ-ரி நெருக்கமா இருக்கும், ரி-க தூரம், க-ம மறுபடி நெருக்கம். மேல பஞ்சமத்துலேர்ந்து அதே அச்சு: ப-த நெருக்கம், த-நி தூரம், நி-ஸ நெருக்கம். பாதி கத்துக்கிட்டா மீதி அதே அளவுதான். ஒட்டி நிக்கறது எது, தள்ளி நிக்கறது எதுன்னு குழந்தை காதுக்கு நல்லா வித்தியாசம் தெரியும். நெருக்கத்துக்குக் காதைக் கூர்மையாக்கணும், தூரத்துக்குக் குரலைத் துணிஞ்சு வீசணும். ரெண்டு பயிற்சியும் ஒரே ராகத்துல முடிஞ்சுடுது.

அப்புறம் மூணு காலம். கை ஒரே நிதானத்துல ஆதி தாளம் போடணும், வாய் ஒண்ணு, ரெண்டு, நாலுன்னு வேகம் ஏறணும். நான் ரெண்டாம் காலத்துக்குப் போனா கையும் சேர்ந்து ஓடும். "கை உங்க கை இல்ல சார், அது கடிகாரம்"னு டீச்சர் சொல்லிச் சொல்லி அலுத்துட்டாங்க.

இப்ப சொல்லுங்க. சரளி, ஜண்டை, தாட்டு, அலங்காரம், கீதம், வர்ணம்னு இதையெல்லாம் தாண்டறதுக்குள்ள சில வருஷம் ஓடிடும். இத்தனையும் குரலை அடிச்சு அடிச்சு ஒரு வழிக்குக் கொண்டு வர்ற வேலை. அலங்காரத்துக்கே வராத எட்டு வயசுப் பொண்ணுக்கு வாய்ஸ் இல்லைன்னு தீர்ப்பு எழுதறது யாரு?

பசங்க கதை இன்னும் கஷ்டம். குழந்தையில கணீர்னு பாடற பையனுக்குப் பதிமூணு பதினாலு வயசுல மகரக்கட்டு உடையும். நேத்து வரைக்கும் அஞ்சு கட்டையில பறந்தவன் இன்னைக்கு வாயைத் திறந்தா ஒரு வார்த்தைக்குள்ளயே ரெண்டு குரல் வருது. அந்த வயசுல வெட்கம் வேற. பாட்டை விட்டுட்டுக் கிரிக்கெட்டுக்குப் போன பசங்க எத்தனையோ. அந்தச் சமயத்துல கத்த விடாம, அதிகம் பாட விடாம, கேட்க மட்டும் வெச்சு ஓட்டற வாத்தியார் கிடைச்சா அவன் தப்பிச்சான்.

சரி, கேட்கறதுன்னு சொன்னதும் அடுத்த கதைக்கு வரேன். எனக்குப் பிடிச்ச கதை.

காஞ்சிபுரத்துல 1919ல ஒரு பொண்ணு பொறக்குது. தாமல் கிருஷ்ணசுவாமி தீட்சிதர் வீட்டுப் பொண்ணு. அம்மாவுக்கு நல்லாப் பாட வரும், ஆனா வெளியில பாடக் கூடாது. அந்தக் காலத்துப் பிராமணக் குடும்பத்துல பொம்பளைங்க சபையில பாடறதா? பேச்சே கிடையாது. அப்பா சுலோகங்களும் சின்னச் சின்னப் பாட்டும் சொல்லிக் கொடுத்தார். மத்தபடி, ஒரு வித்வான் வீட்டுல தங்கி குருகுலவாசம் பண்ற வழியெல்லாம் அந்தப் பொண்ணுக்குத் திறந்தே இல்ல.

அப்ப என்ன பண்ணிச்சு? கேட்டுச்சு.

காஞ்சிபுரத்துல கச்சேரிகளுக்குக் குறைவில்ல. நைனா பிள்ளைன்னு ஒரு மகா வித்வான் அந்த ஊர்லயே இருந்தார், லயத்துல சிங்கம். பொண்ணு கச்சேரியில முழுக்க உட்கார்ந்து கேட்கும். வீட்டுக்கு வந்ததும் மறக்கறதுக்கு முன்னாடி, கேட்ட கீர்த்தனையையும் ராகத்தோட முக்கியமான பிடிகளையும் எழுதி வெச்சுக்கும். சகோதரர்கள் கூட இருந்து உதவுவாங்க. நேரா ஒரு பாடம் கூட எடுக்காத நைனா பிள்ளையைத்தான் தன் மானசீக குருன்னு கடைசி வரைக்கும் சொல்லிட்டிருந்தாங்க, டி.கே. பட்டம்மாள்.

ஒலிநாடா இல்ல, யூடியூப் இல்ல. ஒரே தடவைதான் கேட்க முடியும். ஒரே தடவைதான்ங்கறதாலயே எப்படிக் கேட்டிருப்பாங்கன்னு யோசிங்க! நான் ஒரு தோடி ராக ஆலாபனையை முப்பது செகண்டுக்கு ஒருதரம் நிறுத்தி நிறுத்தித் திரும்பப் போட்டும் எனக்கு ஒரு பிடி உட்காரல.

எழுதி வெச்சுக்கறது சுலபம்னு நினைக்காதீங்க. நானும் ஒரு நோட்டு போட்டேன். தோடியில காந்தாரம் இருக்கே, நோட்டுல அதுக்கு 'க'ன்னு ஒரே எழுத்து. பாடும்போது அது ஓர் இடத்துல நிக்கவே நிக்காது. ரிஷபத்தையும் மத்யமத்தையும் தொட்டுத் தொட்டு ஊஞ்சலாடும். அந்த ஆட்டம்தான் தோடி. 'க'ன்னு எழுதினதைப் பார்த்து நேரா 'க' பாடினா வேற ஏதோ வருது, தோடி வரல. இந்த அசைவுக்குக் கமகம்னு பேர், நோட்டுல எவ்வளவு குறி போட்டும் அதை முழுசா எழுத முடியாது. இன்னொருத்தர் தொண்டையிலேர்ந்து நம்ம காது வழியாத்தான் அது வந்து சேரணும்.

பட்டம்மாள் காது வழியா வாங்கிக்கிட்டாங்க. பள்ளிக்கூட நாடகத்துல பாடி, பத்திரிகையில படம் வந்து, அப்பா பதறி, தலைமை ஆசிரியை அம்முக்குட்டி ரொம்பப் பேசி அவரைச் சம்மதிக்க வெச்சு, 10 வயசுல சென்னை ரேடியோவுல பாடி, 1932ல ரசிக ரஞ்சனி சபாவுல முதல் கச்சேரி. பிறகுதான் ஒருத்தர் ஒருத்தராகக் குருமார் வந்தாங்க. முத்துசுவாமி தீட்சிதர் பரம்பரையில வந்த அம்பி தீட்சிதர், பாபநாசம் சிவன், டி.எல். வெங்கடராமய்யர். (கடைசியில சொன்னவர் பின்னாடி சுப்ரீம் கோர்ட் நீதிபதி! தீர்ப்பும் எழுதிட்டு தீட்சிதர் கிருதியும் சொல்லிக் கொடுக்கற மாதிரி ஆட்கள் இருந்த ஊருங்க இது.)

அப்புறம் ராகம் தானம் பல்லவி. கணக்கு வழக்கு நிறைஞ்சது, அதெல்லாம் ஆம்பளைங்க சமாச்சாரம்னு ஒரு நினைப்பு. பட்டம்மாள் மேடையில பாடினாங்க. 'பல்லவி பட்டம்மாள்'னே பேர் நிலைச்சது. 1970ல சங்கீத கலாநிதி. அவங்க குரலும் கிளி மாதிரி குரல் இல்ல, கனமான, தாழ்வான குரல். நம்ம பெஞ்ச் அம்மா கேட்டிருந்தா அதையும் கீபோர்டுக்கு அனுப்பியிருப்பாங்க.

இங்க குருகுலத்தைப் பத்தி ஒரு வார்த்தை. குரு வீட்டுல தண்ணி இழுத்து, துணி துவைச்சு, கால் பிடிச்சாத்தான் பாட்டு வரும்னு ஒரு புனிதப் பேச்சு ஓடிட்டே இருக்கும். எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. துணி துவைச்சா துணிதான் வெளுக்கும். யாரை உள்ள விட்டாங்க, யாரை வாசலோட நிறுத்தினாங்கன்னு பார்த்தாலே அந்தப் புனிதம் கொஞ்சம் இறங்கிடும். ஆனா அங்க ஒண்ணு கிடைச்சது. குரு குளிக்கப் போகும்போது முணுமுணுக்கறது, வேற சிஷ்யனைத் திட்டறது, சாயந்திரக் கச்சேரிக்குப் பல்லவியைப் போட்டுப் பார்க்கறது, பிடிக்கலைன்னு மாத்தறது, இதெல்லாம் நாள் முழுக்கக் காதுல விழும். பாடம்னு உட்கார்ந்தது அரை மணி நேரமா இருக்கலாம், காதுல விழுந்தது பதினாறு மணி நேரம்.

அப்புறம் பின்பாட்டு. கே.வி. நாராயணசுவாமி பாலக்காட்டுக்காரர். அரியக்குடி ராமானுஜய்யங்கார் வீட்டோடயே இருந்து கத்துக்கிட்டவர். குரு மேடையில பாடும்போது பின்னாடி தம்பூரா வெச்சுக்கிட்டுக் கூடப் பாடணும். எங்க சேர்ந்துக்கணும், எங்க வாயை மூடிக்கணும்னு யாரும் சொல்ல மாட்டாங்க. குருவுக்கு மூச்சு வாங்கற இடத்துல இழையை விடாமப் பிடிக்கணும். அவர் கற்பனை பண்ண ஆரம்பிச்சா அடங்கிடணும். ஆயிரம் பேர் முன்னாடி நடக்கற பாடம் இது. எந்த சிலபஸ்லயும் இது கிடையாது. இன்னைக்கும் இளசுகளைச் சில வித்வான்கள் பின்னாடி உட்கார வெச்சுக்கறாங்க, அதைப் பார்த்தா எனக்கு மனசு நிறைஞ்சுடும்.

இப்ப எம்.டி.ராமநாதன் கிட்ட வரணும். (வராம இருக்க முடியுமா? எங்க வீட்டுல "எம்.டி.ஆர்."னு சொன்னா ரவா இட்லின்னு நினைக்கறவங்க இருக்காங்க. அது வேற.)

1923ல பொறந்தவர். பாலக்காட்டுப் பக்கம். பிஎஸ்சி முடிச்சுட்டுக் கலாக்ஷேத்திராவுக்கு வந்து டைகர் வரதாச்சாரியார்கிட்டச் சேர்ந்தார். குரல் அடி ஆழத்துல இருக்கும். சுருதி மத்த ஆம்பளைப் பாடகர்களை விட ரொம்பக் கீழ. அவரைப் போய் பிருகா, அதான் வேகமா உருட்டற ஸ்வரக் கொத்து, போடச் சொன்னா எப்படி இருக்கும்? அவர் போடல. எல்லாரும் வேகமாப் போனப்ப இவர் நிதானமாகிட்டே போனார். ஒரு ஸ்வரத்துல போய் உட்கார்ந்தா, அடுத்த ஸ்வரத்துக்கு என்ன அவசரம்னு கேட்கற மாதிரி இருக்கும். பிடிக்காதவங்க அன்னைக்கும் எழுந்து போனாங்க. பிடிச்சவங்களுக்கு வேற யாரையும் பிடிக்காமப் போச்சு. சங்கீத கலாநிதி கொடுக்காமலே விட்டுட்டாங்க. 1984ல போயிட்டார். நான் அகாடமியோட இந்த விஷயத்துல இன்னும் சமாதானமாகல.

அவருக்கு நேர் எதிர் ஜி.என். பாலசுப்ரமணியம். இங்கிலீஷ் லிட்ரேச்சர் ஆனர்ஸ் படிச்சவர். ரொம்ப நாள் குருகுலம்னு எதுவும் கிடையாது. நாகஸ்வரத்துல டி.என். ராஜரத்தினம் பிள்ளை பொழியற பிருகாவைக் கேட்டுக் கேட்டு, அதைத் தொண்டையில கொண்டு வந்துட்டார். கேட்டதும் மலைச்சுப் போய் அவரை மாதிரியே பாடணும்னு கிளம்பின இளைஞர்கள் ஒரு தலைமுறையே உண்டு. அதுல பாதிப் பேர் தொண்டை கிழிஞ்சதுதான் மிச்சம்னு பழைய ரசிகர்கள் சொல்லுவாங்க.

ஜி.என்.பி. மாதிரி எம்.டி.ஆர். பாட முயற்சி பண்ணியிருந்தா எம்.டி.ஆர். கிடையாது. செம்மங்குடி எம்.எஸ். மாதிரி குழையணும்னு நினைச்சிருந்தா அவரும் கிடையாது. தன் தொண்டையில எது நிக்கும், எது நிக்காதுன்னு தெரிஞ்சுக்கிட்டு, நிக்கறதை வெச்சே ஒரு பெரிய வீடு கட்டினாங்க. செம்மங்குடி கரஹரப்ரியா ராகத்தை எடுத்தார்னு வைங்க. அந்த கரஹரப்ரியாவுல அவர் குரல் மேல போகப் போக ஒரு போராட்டம் தெரியும். தொண்டை வர மாட்டேங்கும், அவர் விட மாட்டார். வழவழன்னு ஓடற குரல்ல அந்தச் சுகமே கிடைக்காது. தொண்ணூறை ஒட்டின வயசுலயும் மேடையேறிப் பாடினார். 'குரல் இருந்த' எத்தனை பேருக்கு அது முடிஞ்சது?

இதெல்லாம் பெரியவங்க கதை. இன்னைக்குப் பாடகரா வாழ்றது எப்படின்னு கேட்டா, எங்க டீச்சரையே சொல்லலாம். (பேர் சொல்ல மாட்டேன், ரெண்டாவது தடவை பாயில உட்கார விட மாட்டாங்க.) அவங்க ரேடியோவுல கிரேடு வாங்கின ஆர்ட்டிஸ்ட். ஆல் இண்டியா ரேடியோவுல பி, பி ஹை, ஏ, ஏ டாப்னு படி இருக்கு. மார்கழி சீசன்ல மத்தியானக் கச்சேரி கிடைக்கும். மத்தியானம்னா இலவசக் கச்சேரி. வெயில்ல வந்த பெரியவங்க சிலர் ஃபேன் காத்துக்குத் தூங்குவாங்க, சிலர் கேன்டீன்ல இன்னைக்கு என்ன ஸ்வீட்னு விசாரிச்சுட்டு வந்து, மிருதங்கத்தோட தனி ஆவர்த்தனத்துக்கு எழுந்து போவாங்க. பக்கவாத்தியக்காரங்களுக்குக் கொடுத்தது போக இவங்க கையில மிஞ்சறதைப் பத்திப் பேசாம இருக்கறது நல்லது. பட்டுப்புடவையும் ஆட்டோவும் அதுலயே போகணும்.

அதனால டியூஷன். விடியக்காலையில அமெரிக்காப் பிள்ளைங்களுக்கு ஆன்லைன்ல பாடம், ராத்திரி லண்டன் பிள்ளைங்களுக்கு. நெட்ல ஒரு நொடி தாமதமா சத்தம் வரும், அதனால சேர்ந்து பாடவே முடியாது. டீச்சர் பாடிட்டு நிறுத்தணும், அந்தக் குழந்தை திருப்பிப் பாடணும், தாளம் அங்கயும் இங்கயும் வேற வேற இடத்துல விழும். அதுக்கும் பலன் இல்லாம இல்ல. கிளீவ்லண்ட்ல 1978லேர்ந்து தியாகராஜ உற்சவம் நடக்குது, அங்க வந்து பாடற குழந்தைங்க சிலரைக் கேட்டா நம்ம ஊர்ப் பிள்ளைங்க வெட்கப்படணும். ஆனா ஒரு கணக்கு மட்டும் இடிக்குது. விடியக்காலைதானே சாதக நேரம்? அந்த நேரத்தை வித்துட்டு டீச்சர் எப்பப் பாடுவாங்க? கேட்டேன். "சமைக்கும்போது"ன்னாங்க.

இதோட தொண்டையைப் பார்த்துக்கற கவலை வேற. ஐஸ் கூடாது, எண்ணெய்ப் பலகாரம் கூடாது, தூசி ஆகாது, சத்தம் போட்டுப் பேசக் கூடாது. சின்னப் பசங்க பத்துப் பேரை வெச்சுக்கிட்டு சத்தம் போடாம இருக்கறது எப்படின்னு எந்த சாஸ்திரமும் சொல்லல. தயிர் மட்டும் இன்னும் தகராறு. கூடவே கூடாதுன்னு ஒரு கட்சி, தயிர்சாதம் சாப்பிட்டுட்டுத்தான் எல்லா மகா வித்வான்களும் பாடினாங்கன்னு இன்னொரு கட்சி. நான் ரெண்டாவது கட்சி.

பெஞ்ச்ல பேசின அந்த அம்மா மேல எனக்குக் கோபமே இல்லைங்க, நிஜமா. அவங்க பார்க்கறது டிவி. அங்க நாலு நிமிஷப் பாட்டு, பின்னாடி முப்பது வாத்தியம், குரலைத் துடைச்சு மெருகேத்தற மெஷின், ஜட்ஜ் கண்ணுல தண்ணி. அதைப் பார்த்துட்டு வந்து, தம்பூராவுக்கு எதிர்ல ஸரிகம பாடற தன் பொண்ணைக் கேட்டா கரகரன்னுதான் இருக்கும்.

என்கிட்ட ஒரு ஐடியா இருக்கு, எந்த சேனலாவது எடுத்துக்கலாம், இலவசம். ஒரே ஒரு தம்பூரா. பாட்டு கிடையாது. போட்டியாளர் வந்து உட்கார்ந்து சரளி வரிசை மூணு காலம் பாடணும், கை தாளம் ஓடக் கூடாது. அடுத்த சுற்று ஜண்டை. ஃபைனல்ல மேல் ஸ்தாயி வரிசை. எஸ்.எம்.எஸ். ஓட்டு, ஸ்பான்சர் நெய் கம்பெனி, எல்லாம் வெச்சுக்குங்க. முதல் எபிசோடுலயே டிஆர்பி தரை தட்டும். நானும் எங்க பார்க்கிங் வாட்ச்மேனும் மட்டும் பார்ப்போம். அவருக்கு இப்ப ரெண்டாம் காலம் வரைக்கும் மனப்பாடம்.